புனிதா அக்கா கேட்ட வெள்ளைக் கம்பு

புனிதா அக்காவைச் சென்னைக்கு அழைத்து வர வேண்டும். நான் இலங்கைக்குப் போன வேலை அவ்வளவுதான்.

அக்கா என் பெரியம்மா மகள். அம்மாவின் குடும்பம் கப்பலேறித் துறையூர்ப் பக்கம் வந்துவிட்டபோது, பெரியம்மா மட்டும் கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகள் இன்றும் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். வயது முப்பத்தாறு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். ஐந்து வருடமாக எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்.

மின்சார வயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறதல்லவா, நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. உடம்பின் காவல்படையே அதை எதிரி என்று நினைத்து அரித்துவிடும். கால் தடுமாறும், பார்வை மங்கும், சில மாதம் தேறும், மறுபடி தாக்கும். கண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடும். போன பலத்தைத் திருப்பித் தராது. அங்குள்ள டாக்டர் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஒளிக்காமல் சொன்னதுதான் அக்காவின் கணவர் ராஜரத்தினம் அத்தானுக்குப் பிடிக்கவில்லை.

சென்னையில் ஒரு தனியார் கிளினிக்குக்காரர்கள் வீடியோ போட்டிருந்தார்கள். நோயாளியின் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, அவருக்கே ஊசியாகப் போட்டு, நடக்க வைக்கிறார்களாம். பின்னணியில் வீணை ஒலிக்க ஒரு பெண் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கிறார். அத்தான் அதை எனக்குப் பதினான்கு முறை அனுப்பியிருந்தார். நான் பி.ஃபார்ம். படித்துத் திருச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான்தான் என்பதால், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான் டாக்டர். கிளினிக்குக்கு நேரில் போய்ப் பார்த்தேன். ஏசி, மீன்தொட்டி, கைகூப்பி வரவேற்கும் பெண். அங்கே சிரிக்காத ஆளே இல்லை. எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. பளபளக்கும் கையேட்டையும் பதினொரு பக்கச் சம்மதப் படிவத்தையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். போவது நான் ஒருவன், திரும்புவது மூவர் என்று ஏற்பாடு.

மலை ரயில் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு வளைவில் நின்றுவிட்டது. தண்டவாளம் ஈரம், சக்கரம் வழுக்குகிறதாம். எங்கள் ஊராக இருந்தால் பாதிப் பேர் இறங்கி டிரைவருக்கு யோசனை சொல்லப் போயிருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. எதிரில் இருந்த சிங்களப் பெரியவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, இறால் பதித்த வடை ஒன்றை என் கையில் வைத்து ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் தமிழில் சொன்னாள்: "இந்த எடத்துல ரயிலு எப்பவும் கொஞ்சம் யோசிக்குமாம். அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள சாப்புட்டுருங்கன்னு சொல்றாரு." மூன்று வடை தின்று முடித்தேன். ரயிலும் யோசித்து முடித்தது.

வட்டகொடை ஸ்டேஷனில் அத்தான் நண்பரின் த்ரீவீலரோடு நின்றார். மெல்லிய சட்டையில் இறங்கிய என்னைப் பார்த்து, "என்னா மச்சான், ஊருல ஸ்வெட்டரே விக்கிறதில்லையா?" என்றார். துறையூரில் சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. இங்கே என் பல் தாளம் போட்டது.

தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டியவை. லயம் என்கிறார்கள். நான் போய்ச் சேருமுன்பே செய்தி சேர்ந்திருந்தது. வாசலில் முழங்கால் வலிக்காரர் ஒருவரும், காது அடைத்த அம்மா ஒருவரும் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு புனிதா அக்கா.

"வாங்க டாக்டர். நான் வரிசையில மூணாவது ஆளு. அவசரமில்ல, பாத்துட்டு வாங்க."

"அக்கா, நான் டாக்டர் இல்லக்கா!"

"அதை மெதுவாச் சொல்லு. இவங்க ரெண்டு மணி நேரமா நிக்கிறாங்க."

பால் இல்லாத தேத்தண்ணி வந்தது. கூடவே சீனியைத் தனியாகக் கொடுத்தார்கள். நான் கோப்பையில் கொட்டிக் கலக்கினேன். அடக்க முடியாமல் சிரித்தார்கள். சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிக்க வேண்டுமாம். குடித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடை டீ பாயசம் என்பது அன்றுதான் புரிந்தது.

மறுநாள் பூண்டுலோயா டவுனுக்குப் போனோம். நசீர் நானாவின் கடையில் ஆணியும் கிடைக்கும், ரொட்டியும் கிடைக்கும். அந்த வீடியோவை அத்தானுக்கு முதலில் காட்டியவரே அவர்தான்.

"தம்பி, யோசிக்கவே தேவல்ல," என்றார் நானா. "எங்கட வாப்பாக்கு மெட்ராஸ்லதான் கண்ணு செஞ்ச. இப்ப வானத்துல போற பருந்துட காலையும் எண்ணுற."

ரொட்டியைக் கட்டச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் திரும்பினார். "நானா, அது கண்ணுல பொரை. ஊரு ஒலகமெல்லாம் செய்றாங்க. இது சோதனைங்கிறாங்களே."

"சோதனை செய்யாம மருந்து எப்பிடி வந்த? காய்ச்சலுக்கு நீங்க போடுற குளிசையும் ஒரு நாளைக்கு சோதனைதானே?"

"அப்ப மொதல் ஊசிய நீங்க போட்டுக்கிட்டு வாங்க. பாத்துட்டு நாங்க போறோம்."

கடை முழுவதும் சிரித்தது. நானாவும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்குக் கண்டியில் அக்காவுக்குக் கொடுக்கும் மருந்தும் ஒரு காலத்தில் சோதனைதான். பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்னொரு ஸ்டெம் செல் முறை உண்டு என்று நான் எடுத்துச் சொன்னேன். கடுமையான மருந்து கொடுத்துக் காவல்படையையே கலைத்துவிட்டு, நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லால் புதிதாகத் தொடங்க வைப்பார்கள். சிலருக்கு நல்ல பலன் உண்டு, ஆபத்தும் உண்டு. யாருக்கு, எப்போது செய்யலாம் என்று டாக்டர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது.

"நம்ம கிளினிக்குல அதுவா செய்றாங்க?" என்று டிரைவர் கேட்டார்.

இல்லை. அது வேறு, இது வேறு. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. அதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் இறங்கியது எனக்கே கேட்டது. படிவத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அத்தான் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். அக்காவும் வந்தார். அத்தானுக்கு டிரையரில் வேலை. ஈரத் தூளை வெந்த காற்றில் உலர்த்தும் பெரிய இரும்பு அறை அது. அதன் பின்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது.

"ரெண்டு மாசமா தெனமும் கொண்டாந்து உக்கார வைக்கிறேன் மச்சான். வேலை மேற்பாக்குற கண்டாக்கையாகிட்டச் சொல்லி அனுமதி வாங்கிட்டேன். குளிர்ல நரம்பு வெறச்சுப் போவுதுல்ல, சூடு பட்டாத்தான் எளகும்."

எனக்கும் ஒரு ஸ்டூல் கிடைத்தது. புதுத் தேயிலை வாசனையும் வெந்நீர்க் குளியல் போன்ற காற்றும். இரண்டு நாளில் முதல்முறையாக என் மூக்குக்கு உணர்ச்சி வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா இருக்குல்ல தம்பி?" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. கால் துணிபோல மடிந்தது. "உன் மொகம் ரெண்டாத் தெரியுது, ரெண்டும் மங்கலா," என்றார். அத்தானும் நானும் தூக்கித்தான் த்ரீவீலரில் வைத்தோம்.

"பாத்தீங்களா?" அத்தானின் கண் கலங்கியிருந்தது. "முன்னாடி இப்படி இல்ல மச்சான். ரெண்டு மாசமாத்தான் இம்புட்டு. அதான் அவசரப்படுறேன். ஞாயித்துக்கெழம எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிறணும்."

மூன்றாம் நாள் முழுவதும் மழை. டிரையருக்கும் போக முடியவில்லை. கையேட்டையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கையேட்டில் எல்லோரும் நடந்தார்கள். படிவத்தில், ஏழாம் பக்கத்தில், பொடி எழுத்தில், எந்தப் பலனுக்கும் உத்தரவாதம் இல்லை, எந்தக் கெடுதலுக்கும் பொறுப்பில்லை என்று இருந்தது. ஒரே கிளினிக் அச்சடித்தவைதான் இரண்டும். அத்தானிடம் காட்டினேன். "எல்லா ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் எழுதுவாங்க," என்றார். அதுவும் பாதி உண்மை. ஆகவே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காது அடைத்த அம்மா மறுபடி வந்தார்.

நான்காம் நாள் இறம்பொடை அனுமார் கோவிலுக்குப் போக வேண்டும் என்றார் அக்கா. "சமுத்திரம் தாண்டப் போறோம். அதுல அனுபவம் உள்ளவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறது நல்லதுல்ல?"

அத்தான் அக்காவுக்கு இரண்டு ஸ்வெட்டரும் கம்பளியும் சுற்றி, த்ரீவீலரில் திரையையும் இறக்கிவிட்டார். தவலந்தென்னையைத் தாண்டி ஏற்றத்தில் வண்டி இருமியது, பிறகு படுத்துவிட்டது. அதே நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியைப் பின்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும், எல்லோரும் இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் கம்பளி நனைந்து எடை கூடியது. அக்கா அதைக் கழற்றி என் தலையில் போட்டார். ஸ்வெட்டர்களும் நனைந்து தொங்கின.

"ஐயோ, வெறச்சுப் போகப் போறா!" என்று அத்தான் ஸ்பேனரும் கையுமாகப் பதறினார்.

"ஒங்க வேலையப் பாருங்க. தம்பி, அங்க மேல ஒரு கடை இருக்கு, வா நடப்போம்."

ஒரு கையில் தடி, ஒரு கை என் தோளில். நான்கு அடி எடுத்து வைத்தால் மூச்சு முட்டும் ஏற்றம் அது. எனக்குத்தான் முட்டியது. அக்கா நின்று நின்று, ஆனால் மடியாமல், நடந்தார். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்து, "அவிச்ச சோளம்னு எழுதியிருக்கு. வாங்கிக் குடுப்பியா?" என்றார்.

நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். மழைக்குள் அது எனக்கே சரியாகத் தெரியவில்லை. முந்தாநாள் சாயங்காலம் இதே கண்ணுக்கு என் முகம் தெரியவில்லை.

கல்லூரியில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்தது அந்த ஏற்றத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. டிரையர் பக்கத்தில் நானும் சுகமாக உட்கார்ந்திருந்தேனே!

அத்தான் வண்டியை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்ததும் கேட்டேன். "கண்டி டாக்டர் சூட்டைப் பத்தி ஏதாவது சொன்னாரா அத்தான்?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"சொன்னாரு மச்சான். சூட்டுல இருக்கக் கூடாதுன்னாரு. வெளிய வந்து நாங்க சிரிச்ச சிரிப்பு! தையில புல்லு மேல ஐஸ் படியிற ஊரு. இங்க ஏது சூடு? கொழும்புக்காரங்களுக்குச் சொல்றதையே நமக்கும் சொல்லிட்டாருன்னு..."

அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த சோளத்தைப் பார்த்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"டிரையர்," என்றார்.

நான் தலையாட்டினேன். உறை போன நரம்பில், உடம்பு சூடேறினால் செய்தி தடைபடும். குளிர்ந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். நோய் கூடவில்லை அத்தான், சூடுதான் கூடியது, நிரந்தரச் சேதம் எதுவும் இல்லை என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. கடை வாசலின் ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ரெண்டு மாசம், தெனமும், என் கையாலயே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா அவர் முன்னால் போய் நின்றார். "எந்திரிங்க. ரெண்டு மாசம் வறுத்தீங்களே, நான் என்னா கிரேடுன்னாச்சும் சொல்லுங்க. ஒசந்ததா, இல்ல வெறுந்தூசா?"

கடைக்காரர் வெடித்துச் சிரித்தார். அத்தானும் அழுகையோடு சிரித்துவிட்டார். அனுமாரை மலைக்குக் கீழிருந்தபடியே கும்பிட்டுவிட்டு, தோட்டத்துக்குப் போகும் ஒரு லாரியில் த்ரீவீலரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

அதற்குப் பிறகு டிரையர் பக்கம் போகவில்லை. அக்காவுக்குக் குணமாகிவிடவில்லை. தடி வேண்டும், களைப்பு வரும். ஆனால் இரண்டு மாதத்துக்கு முந்தைய அக்கா திரும்பி வந்திருந்தார். அவசரம் போய்விட்டது. ஆசை போகவில்லை.

"டிரையர் என் தப்பு, சரி," என்றார் அத்தான், ஐந்தாம் நாள் காலையில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "ஊசி ஊசிதானே மச்சான்? போட்டுப் பாத்தா என்னா? ஆனா ஆச்சு, ஆகாட்டி போச்சு."

நான் படிவத்தை எடுக்கக் கை நீட்டினேன். அக்கா முந்திக்கொண்டார்.

"ஏழாம் நம்பர் மலையில ஆராய்ச்சிக்காரங்க வந்து கம்பு நட்டாங்களே, ஞாபகமிருக்கா? நாலு நெரைக்கு செவப்புக் கம்பு, நாலு நெரைக்கு வெள்ளைக் கம்பு. ஒரு பக்கம் புது ஒரம், ஒரு பக்கம் பழைய ஒரம். எது எதுன்னு பறிக்கிற எங்களுக்கும் தெரியாது, கண்டாக்கையாவுக்கும் தெரியாது. கொழுந்தைத் தனித்தனிச் சாக்குல கட்டி, தனித்தனியா நிறுப்பாங்க. ஒருநாள் மழைக்குப் பயந்து ஓடியாந்து நான் ரெண்டையும் ஒரே சாக்குல கொட்டிட்டேன். அந்த ஆராய்ச்சிப் பொண்ணு அழுதுருச்சு. அன்னிக்குப் பறிச்சது எதையுமே சேத்துக்கல."

"அதுக்கும் ஊசிக்கும் என்னா?"

"அந்த வருசம் நல்ல மழை. செவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி தளதளன்னு வந்துச்சு. வெள்ளைதான் பழைய ஒரம்னு கடைசியிலதான் சொன்னாங்க. வெள்ளைக் கம்பு மட்டும் இல்லாட்டி, எல்லாம் புது ஒரத்தாலதான்னு தொரை மார்தட்டியிருப்பாரு. எனக்கும் சில மாசம் தானாவே தேறுதுல்ல? ஊசி போட்டுத் தேறினா, அது ஊசியா மழையான்னு யாரு சொல்லுவா?"

நான் ஒரு வருடம் படித்துப் பரீட்சை எழுதிய பாடம் அது. அக்கா ஒரு ரொட்டி தின்னும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் கிளினிக்கிலிருந்து வீடியோவில் அழைத்தார்கள். டை கட்டிய ஆலோசகர். "புனிதா மேடம், உங்களுக்காகப் பெட் ரெடியா இருக்கு," என்றார்.

"வணக்கங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒங்க வெள்ளைக் கம்பு எங்க இருக்கு?"

"கம்பா, மேடம்?" என்றார் அவர். நான் எட்டிப் பார்த்து, ஊசி போடாமல் ஒப்பிட்டுப் பார்த்த நோயாளிகள் உண்டா, சோதனையாக எங்காவது பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"சார், அதெல்லாம் எதுக்கு? எங்ககிட்ட வந்தவங்க எல்லாருக்கும் நல்ல ரிசல்ட்."

"எல்லாருக்குமா?" என்றார் அக்கா. "தேறாதவங்க ஒருத்தர் கூட இல்லையா?"

"ஒருத்தர் கூட இல்ல மேடம்!"

அக்கா மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்தார். "வேணாம் தம்பி. ஒரு நாளும் கொழுந்து கொறையாத மலையை நான் பாத்ததே இல்ல."

அத்தான் எழுந்து வெளியே போனார். தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து, "அப்ப ஒண்ணுமே செய்யாம இருக்கச் சொல்றியா?" என்று கேட்டார். கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"யாரு சொன்னா? கண்டிக்குப் போவோம். எங்கயாச்சும் கம்பு நட்டு நெசமாவே சோதனை பண்றாங்களான்னு அந்த டாக்டர்கிட்டயே கேப்போம். நம்மளுக்கு ஏத்ததுன்னு அவரு சொன்னா, மொத ஆளா நான் நிப்பேன். தேறினாலும் எழுதணும், தேறாட்டியும் எழுதணும். நம்மளால அடுத்தவளுக்காவது தெரியும்ல?"

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பது வந்தது. பத்தாவதாக அத்தான் ஒன்று சேர்த்தார்: "இனிமே அவர் சொல்றதுல எதைப் பாத்தும் சிரிக்கக் கூடாது." அது கேள்வியில்லை என்றேன். இருக்கட்டும், எழுதுங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வட்டகொடை ஸ்டேஷனில் நான் ஒருவன்தான் பயணி. வழியனுப்ப இருவரும் வந்திருந்தார்கள். நசீர் நானா ஒரு பொட்டலம் மாசிச் சம்பல் கொடுத்தனுப்பியிருந்தார். ரயில் அரை மணி நேரம் தாமதம். அத்தான் பிளாட்பாரத்தில் இங்கும் அங்கும் நடந்தார், பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெசமான சோதனை ஒண்ணு வந்து இவளைச் சேத்துக்கிட்டாங்கன்னு வைங்க மச்சான். இவ செவப்புக் கம்பா வெள்ளைக் கம்பான்னு எனக்காவது சொல்லுவாங்கல்ல?"

"சொல்ல மாட்டாங்க அத்தான். டாக்டருக்கே தெரியாம வச்சிருப்பாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"முடியிற வரைக்கும். வருசக்கணக்குல ஆகலாம்."

அவர் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். தூரத்தில் ரயில் கூவியது.

"அப்ப எந்தக் கம்பா இருந்தாலும் நான் ஒரே மாதிரிதான் பாத்துக்கணும்."

"கேட்டுக்கிட்டியா தம்பி?" அக்கா தடியை ஊன்றி எழுந்தார். "இதையும் அந்தத் தாள்லயே எழுதி, அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு ஏறு."

எழுதினேன். அத்தான் கையெழுத்துப் போட்டார்.